பாலைவன முகாமுக்கு எந்த இன்வெர்ட்டர்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கலிபோர்னியா எல்லைக்கு அருகே, குவார்ட்சைட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஆண்டு முழுவதும் அங்கே குடியிருப்பவர்கள் சுமார் 2,400 பேர்தான். வட மாநிலங்களிலும் கனடாவிலும் பனி விழத் தொடங்கியதும் ஊரைச் சுற்றியுள்ள பாலை நிலம் வண்டிகளால் நிறைந்துவிடும். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே கொண்ட அந்த வீட்டு வண்டிகளை ஆர்வி என்பார்கள். மத்திய அரசின் நில மேலாண்மைப் பணியகம் 1983இல் தொடங்கிய திட்டத்தின்படி, ஊருக்குத் தெற்கேயுள்ள லா போசா பரப்பில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, கட்டணம் செலுத்திவிட்டு மாதக்கணக்கில் தங்கலாம். அதே பணியகத்தின் மற்ற நிலங்களில் பெரும்பாலும் 14 நாள் வரை இலவசமாகவே தங்க விடுகிறார்கள். வெயிலும் வெளியும் அமைதியும் தாராளமாகக் கிடைக்கும். மின்கம்பம் மட்டும் இருக்காது.

கட்டண முகாம்களில் வண்டியின் தடித்த கேபிளைக் கம்பத்தில் செருகினால் 30 ஆம்ப் அல்லது 50 ஆம்ப் மின்சாரம் வரும். 120 வோல்ட்டில் 30 ஆம்ப் என்றால் 3,600 வாட். அந்த வசதிக்குப் பழகிய குடும்பம் பாலை நிலத்தில் வண்டியை நிறுத்தியதும் 12 வோல்ட் பேட்டரியை நம்பியே வாழவேண்டும். விளக்குகள், தண்ணீர் பம்ப், கேஸ் ஹீட்டரின் விசிறி ஆகியவை நேராகப் பேட்டரியில் ஓடும். மைக்ரோவேவ், காபி மேக்கர், தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு 120 வோல்ட் ஏசி மின்சாரம் வேண்டும். பேட்டரியின் டிசியை ஏசியாக மாற்றித் தருவதுதான் இன்வெர்ட்டரின் வேலை. கடையில் 300 வாட்டிலிருந்து 4,000 வாட் வரை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். எதை வாங்குவது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட்டரியை முடிவு செய்யாமல் இன்வெர்ட்டரை முடிவு செய்யக்கூடாது. பேட்டரி தாங்காத இன்வெர்ட்டர் வீண்செலவு. கேபிள் தாங்காத இன்வெர்ட்டர் தீவிபத்து. எதையெல்லாம் இன்வெர்ட்டரில் ஓட்டுவதில்லை என்று தீர்மானிப்பவருக்கு மற்றதெல்லாம் எளிதாகிவிடும். இந்த வரிசையை மாற்றி, பெரிய எண் எழுதிய பெட்டியை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு தவிப்பவர்கள்தான் அதிகம்.

இரண்டு கணக்குகள்

இந்த விஷயத்தில் இரண்டு தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. ஒரு நொடியில் எவ்வளவு இழுக்கிறோம் என்பது வாட் கணக்கு; அது இன்வெர்ட்டரின் அளவைத் தீர்மானிக்கும். ஒரு நாளில் மொத்தமாக எவ்வளவு செலவழிக்கிறோம் என்பது வாட்-மணிக் கணக்கு. அது பேட்டரியையும் சோலார் பேனலையும் தீர்மானிக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் எந்த ஆலோசனையும் உதவாது.

ஒரு தம்பதி ஜனவரியில் லா போசாவில் தங்குவதாக வைத்துக்கொள்வோம். மைக்ரோவேவ் 1,500 வாட் இழுக்கும். நாளைக்குப் பத்து நிமிடம் ஓடினால் 250 வாட்-மணி. காபி மேக்கர் 1,000 வாட். அதுவும் பத்து நிமிடம் என்றால் 170 வாட்-மணியை ஒட்டி வரும். 60 வாட் மடிக்கணினி மூன்று மணி நேரம் ஓடினால் 180. தொலைக்காட்சி ஏறக்குறைய 150. பாலைவனத்தின் இரவுக் குளிருக்குக் கேஸ் ஹீட்டர் போட்டால் அதன் விசிறி மட்டும் 12 வோல்ட்டில் சுமார் 8 ஆம்ப் இழுக்கும். விட்டுவிட்டு ஐந்து மணி நேரம் ஓடினாலே 500 வாட்-மணி. பயமுறுத்தும் மைக்ரோவேவைவிட யாரும் கவனிக்காத அந்த விசிறி இரு மடங்கு தின்கிறது. அதற்கு இன்வெர்ட்டரே தேவையில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இணையத்துக்காக ஸ்டார்லிங்க் தட்டு வைப்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். வழக்கமான தட்டு 50 முதல் 100 வாட் வரை இழுக்கும். இரவும் பகலும் அணைக்காமல் விட்டால் ஒரு நாளில் ஒன்றரை யூனிட் வரை, சில வேளை அதற்கு மேலும் போய்விடும். வேறு எந்தச் சாதனமும் அவ்வளவு சத்தமில்லாமல் பேட்டரியைக் காலி செய்வதில்லை. அதன் சிறிய வகையான மினி 25 முதல் 40 வாட்தான் எடுக்கும். 12 வோல்ட் டிசியை நேராகவே ஏற்கும்.

கருவியின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணை நம்பிக் கணக்குப் போடவேண்டாம். மைக்ரோவேவின் முகப்பில் 1,000 வாட் என்று இருந்தால் அது உணவுக்குள் போகும் சூட்டின் அளவு. சுவரிலிருந்து அது இழுப்பது 1,500 வாட் அளவில் இருக்கும். பின்புறத் தகட்டில் உண்மை எழுதியிருக்கும். மோட்டார் உள்ள கருவிகள் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சட்னிக்காக வண்டியில் எடுத்துவரும் 110 வோல்ட் மிக்ஸி ஓடும்போது 550 வாட்தான். கிளம்பும்போது அதன் இரண்டு, மூன்று மடங்குக்கு இன்வெர்ட்டர் ஈடுகொடுக்க வேண்டும். இந்தியாவிலிருந்து கொண்டுபோன 230 வோல்ட் மிக்ஸி அங்கே வேலைக்கு ஆகாது.

பேட்டரி எவ்வளவு கொடுக்கும்

புதிதாக வாங்கும் இழுவை வண்டிகள் பலவற்றில் ஒன்றோ இரண்டோ சாதாரண ஈய-அமிலப் பேட்டரிகள்தான் இருக்கும். இரண்டும் சேர்ந்து 160 ஆம்ப்-மணி என்று கொள்வோம். இன்வெர்ட்டரின் திறனிழப்பையும் சேர்த்தால் 1,500 வாட் மைக்ரோவேவுக்குப் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 140 ஆம்ப் வரவேண்டும். ஈயப் பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் கொள்ளளவு, இருபது மணி நேரத்தில் நிதானமாக இழுத்தால் கிடைப்பது. வேகமாக இழுத்தால் கொள்ளளவே சுருங்கிவிடும். இதை ஜெர்மானிய அறிஞர் பாய்க்கெர்ட் 1897இலேயே வரையறுத்துவிட்டார். 140 ஆம்ப் இழுத்ததும் வோல்ட் சரசரவென்று இறங்கும், 10.5 அல்லது 11 வோல்ட்டைத் தொட்டதும் இன்வெர்ட்டர் கூச்சலிட்டு அணைந்துவிடும். இன்வெர்ட்டர் பழுது என்று அதைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. குறை அதில் இல்லை.

ஈயப் பேட்டரியிலிருந்து நெடுநேரம் இழுக்கும்போது கொள்ளளவில் கால் பங்குக்கு மேல் ஆம்ப் இழுக்காமல் இருப்பது நல்லது. மொத்தத்தில் பாதிக்கு மேல் காலி செய்யாமல் இருந்தால் ஆயுள் நீளும். ஆர்விக்காரர்கள் நெடுங்காலம் விரும்பிய ஏற்பாடு, கோல்ஃப் வண்டிகளில் வரும் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைப்பது. அது சுமார் 225 ஆம்ப்-மணி தரும். அதிலும் நிம்மதியாக இழுக்கக்கூடியது 56 ஆம்ப், அதாவது 600 வாட் சொச்சம். ஆகவே ஈயப் பேட்டரி வைத்திருப்பவருக்கு 1,000 வாட்டுக்கு மேற்பட்ட இன்வெர்ட்டரை நான் பரிந்துரைக்கமாட்டேன். காபியைக் கேஸ் அடுப்பில் போட்டுக்கொள்ளலாம்.

இந்த நிலையை மாற்றியது லித்தியம் இரும்பு பாஸ்பேட். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் 1997இல் வெளியிட்ட அந்தப் பொருள், இன்று ஆர்வி பேட்டரிகளில் பரவலாகிவிட்டது. 12.8 வோல்ட், 100 ஆம்ப்-மணி என்றால் 1,280 வாட்-மணி. அதில் முக்கால்வாசிக்கு மேல் தயங்காமல் பயன்படுத்தலாம். எடையும் ஈயத்தில் பாதிக்குக் குறைவு. பாரம் ஏற்றினாலும் வோல்ட் அவ்வளவாக இறங்காது. ஆனால் ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் ஒரு காவல் சுற்று இருக்கிறது. பெரும்பாலான 100 ஆம்ப்-மணிப் பேட்டரிகளில் அது தொடர்ச்சியாக 100 ஆம்ப்தான் விடும். மீறினால் மொத்த வண்டியையும் இருட்டாக்கிவிடும். 100 ஆம்ப் என்றால், திறனிழப்பு போக, ஏசி பக்கத்தில் 1,150 வாட். ஒரே ஒரு லித்தியம் பேட்டரியோடு 2,000 வாட் இன்வெர்ட்டரை இணைப்பவர் மைக்ரோவேவைத் தொட்டதும் இதைத் தெரிந்துகொள்வார். இரண்டு பேட்டரிகளை இணையாகக் கட்டினால் 2,000 வாட்டுக்குச் சரி. 3,000 வாட்டுக்கு 260 ஆம்ப் வேண்டும் என்பதால் குறைந்தது மூன்று. இந்தப் பேட்டரிகளை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது என்பதைக் குளிர்கால முகாமுக்குப் போகிறவர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

அலையின் வடிவம்

தமிழ்நாட்டில் மின்வெட்டு நாட்களில் வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கியவர்களுக்கு ஸ்கொயர் வேவ், சைன் வேவ் என்ற பேச்சு புதிதில்லை. மலிவானதை வாங்கிய வீட்டில் ஃபேன் உறுமியதும் நினைவிருக்கும். ஆர்வி கடைகளிலும் அதே இரண்டு வகைகள்தான். மலிவான வகையின் மேல் 'மாடிஃபைட் சைன்' என்று எழுதியிருப்பார்கள். உள்ளே நடப்பது படிக்கட்டு வைத்த சதுர அலை: மேலே ஒரு தட்டு, நடுவில் ஒரு இடைவெளி, கீழே ஒரு தட்டு. விளக்குக்கும் சூடேற்றும் கம்பிக்கும் அது போதும். மோட்டார்கள் அதில் சூடேறி உறுமும். மின்சாரப் போர்வையின் கட்டுப்பாட்டுப் பெட்டியும், மின்மாற்றி இல்லாத சில சிறு சார்ஜர்களும் கருகிப் போவதுண்டு. பேட்டரி இறங்க இறங்க அலையின் உச்சமும் இறங்குவதால் மைக்ரோவேவ் சோர்ந்துபோய்ச் சமைக்கும்.

உறக்கத்தில் மூச்சு தடைபடுவோர் அணியும் சிபாப் கருவி வைத்திருப்பவர்கள் இந்த வகையை அண்டவே கூடாது. ஈரப்பதச் சூடேற்றியோடு அக்கருவியைப் படிக்கட்டு அலையில் ஓட்டுவது ஆபத்தானது. அவர்களுக்கு நான் சொல்வது இன்னும் எளிது. பெரும்பாலான சிபாப் கருவிகளுக்கு 12 வோல்ட்டில் நேராக இணைக்கும் அடாப்டர் கிடைக்கிறது. அதை வாங்கி, சூடேற்றியை அணைத்துவிட்டுப் படுத்தால் இன்வெர்ட்டர் இரவு முழுவதும் ஓயலாம். மின்செலவும் பாதிக்குக் கீழே வரும்.

1980களில் வாஷிங்டன் மாநிலத்தின் ஆர்லிங்டனில் இருந்த ட்ரேஸ் எஞ்சினியரிங் போன்ற நிறுவனங்கள் மின்கம்பி எட்டாத வீடுகளுக்கும் வண்டிகளுக்கும் இன்வெர்ட்டர் செய்தபோது, படிக்கட்டு அலைதான் கட்டுப்படியானது. தூய சைன் அலைக்குப் பல மடங்கு விலை. இன்று அந்த இடைவெளி பெரிதும் சுருங்கிவிட்டது. தரமான சைன் அலை இன்வெர்ட்டரில் அலைச்சிதைவு பொதுவாக 3 விழுக்காட்டுக்குள் அடங்கும். மிச்சப்படும் சில டாலர்களுக்காகப் படிக்கட்டு அலையை வாங்க இனி எந்தக் காரணமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

சைன் அலை இன்வெர்ட்டர்களிலும் இரு குலங்கள் உண்டு. ஒன்று கனத்த செம்புச் சுருள் மின்மாற்றியைக் கொண்டது. 3,000 வாட் வகை 18 கிலோவைத் தாண்டும். தன் அளவைப் போல இரு மடங்குப் பாரத்தைச் சில நொடிகள் தாங்கும். மற்றது உயர் அதிர்வெண் வகை; எடை சில கிலோதான், விலையும் குறைவு, ஆனால் அதன் மிகைத்தாங்கு திறன் கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்ந்துவிடும். மோட்டார் பாரம் அதிகமிருந்தால் முதல் வகை. மைக்ரோவேவும் மடிக்கணினியும் மட்டும் என்றால் இரண்டாவதே போதும்.

சும்மா இருந்தாலும் தின்னும்

விற்பனைப் பெட்டியில் பெரிதாக அச்சிடாத ஓர் எண் இருக்கிறது. எந்தக் கருவியும் ஓடாதபோதும் இன்வெர்ட்டர் தன்னை விழிப்பில் வைத்துக்கொள்ள எடுக்கும் மின்சாரம் அது. 3,000 வாட் வகைகளில் அது 20 முதல் 40 வாட் வரை இருப்பது சாதாரணம். 25 வாட் என்றே கொண்டாலும் 24 மணி நேரத்தில் 600 வாட்-மணி. 100 ஆம்ப்-மணி லித்தியம் பேட்டரியில் ஏறக்குறைய பாதி. அதே அளவு ஈயப் பேட்டரியில் நியாயமாகப் பயன்படுத்தக்கூடிய அத்தனையும். டிசம்பர் மாதத்தில் கூரையில் படுக்கை வசமாகப் பொருத்திய 400 வாட் பேனல், அரிசோனா வெயிலிலேயே நாளைக்கு ஒரு யூனிட்டைச் சுற்றித்தான் தரும். அதில் பாதிக்கு மேலானதை எந்தப் பயனும் இல்லாமல் பெட்டியின் சூடாக இழப்பதா?

பெரிதாக வாங்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்ற எண்ணம் தவறுவது இங்கேதான். படுக்கையிலிருந்தே அணைக்கும்படி ரிமோட் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம் இல்லாதபோது தூங்கி, அவ்வப்போது மட்டும் விழித்துப் பார்க்கும் தேடல் முறை சிலவற்றில் உண்டு. அது செலவைக் குறைக்கும், ஆனால் சிறு சார்ஜர்களை அது கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். எனக்குப் பிடித்த தீர்வு வேறு. நாள் முழுவதும் வேண்டிய சின்னப் பாரங்களுக்கு 300 வாட் அளவில் ஒரு சிறிய சைன் அலை இன்வெர்ட்டரும், மைக்ரோவேவுக்கு மட்டும் போட்டு அணைக்க ஒரு பெரியதும் வைப்பது. சிறியதைப் பேட்டரியோடு உரிய ஃப்யூஸ் வைத்து இணைக்கவேண்டும்; சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் 120, 150 வாட்டுக்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது.

குளிர்சாதனப் பெட்டியையும் இங்கே சொல்லவேண்டும். பழைய ஆர்விகளில் புரொப்பேன் கேஸிலும் மின்சாரத்திலும் ஓடும் பெட்டி இருக்கும். கேஸில் ஓடும்போது அதற்குக் கொஞ்சம் 12 வோல்ட் மட்டும் போதும். மின்சாரத்தில் விட்டால் 300, 400 வாட் சூடேற்றியாக மாறிவிடும். தானாகத் தேர்ந்தெடுக்கும் நிலையில் வைத்துவிட்டு இன்வெர்ட்டரை இயக்கினால் அது மின்சாரத்துக்குத் தாவிக்கொள்ளும். கம்ப்ரசர் வைத்த 12 வோல்ட் பெட்டிகள் ஓடும்போது 40 முதல் 60 வாட்தான் எடுக்கின்றன. புதிதாக வாங்குபவருக்கு அதுவே சிறந்தது. வீட்டு ஃப்ரிட்ஜை வண்டியில் வைத்து அதற்காகவே 24 மணி நேரமும் இன்வெர்ட்டரை எரியவிடும் புதிய வண்டிகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கம்பியும் ஃப்யூஸும்

2,000 வாட்டை 120 வோல்ட்டில் கொண்டுபோக 17 ஆம்ப் போதும். சாதாரண வீட்டுக் கம்பி தாங்கும். அதே 2,000 வாட் பேட்டரிப் பக்கத்தில் 175 ஆம்பாகிறது. பேட்டரி இறங்கியிருந்தால் 200ஐத் தொடும். இதற்குக் கட்டைவிரல் கனத்தில், சுமார் 67 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் வேண்டும். அமெரிக்க அளவுமுறையில் அதை டூ-ஆட் என்பார்கள். 3,000 வாட்டுக்கு ஃபோர்-ஆட், அதாவது 107 சதுர மில்லிமீட்டர். நீளமும் முக்கியம். இரண்டு மீட்டர் தள்ளி வைத்த 2,000 வாட் இன்வெர்ட்டருக்கு அந்த டூ-ஆட் கேபிளில் போகவர இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் அடங்கும். ஆறு மீட்டர் தள்ளி வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் போய்விடும். கேபிளே ஏறக்குறைய 95 வாட் சூட்டைக் கக்கும். ஆகவே இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அருகில் இருக்கவேண்டும். ஆனால் ஈயப் பேட்டரி இருக்கும் அதே அறைக்குள் வைக்கக்கூடாது. சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது. அமில ஆவி மின்சுற்றை அரித்துவிடும்.

ஃப்யூஸ் விஷயத்தில் நான் எந்தச் சலுகையும் தரமாட்டேன். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் அது இருக்கவேண்டும். லித்தியம் பேட்டரித் தொகுதி குறுக்கிணைந்தால் ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும். மலிவான ஃப்யூஸ் உருகினாலும் உள்ளே மின்பொறி அணையாமல் தொடர்ந்து எரியலாம். கிளாஸ்-டி எனப்படும் ஃப்யூஸ் 20,000 ஆம்ப் வரை அறுத்துவிடும் என்பதால்தான் லித்தியத்துக்கு அதையே பரிந்துரைக்கிறார்கள். படுக்கைக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் பேட்டரி வைத்து, பிள்ளைகளோடு உறங்கும் வண்டி அது. இன்வெர்ட்டரில் நூறு டாலர் குறைத்தாலும் பரவாயில்லை, இதில் குறைக்காதீர்கள்.

3,000 வாட்டுக்கு மேல் தேவைப்படுகிறவர்கள் 12 வோல்ட்டிலேயே நிற்பதைவிட 24 அல்லது 48 வோல்ட்டுக்குப் போவது புத்திசாலித்தனம். வோல்ட் இரு மடங்கானால் ஆம்ப் பாதியாகும். கேபிளும் ஃப்யூஸும் மெலியும். வண்டியின் 12 வோல்ட் விளக்குகளுக்கு ஒரு டிசி-டிசி மாற்றி தனியாக வேண்டும். வார இறுதியில் மட்டும் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் தேவையில்லை.

பெட்டியின் மேலுள்ள எண்ணை வெப்பமும் குறைக்கும். நெடுநாள் பெயர்பெற்ற விக்ட்ரான் மல்ட்டிபிளஸ் 12/3000 வகையின் விவரத்தாளைப் பாருங்கள். 3,000 என்பது வோல்ட்-ஆம்பியர். 25 டிகிரியில் தொடர்ந்து தருவது 2,400 வாட், 40 டிகிரியில் 2,200, 65 டிகிரியில் 1,700. நேர்மையான நிறுவனம் இப்படி வெளிப்படையாகச் சொல்கிறது. பெயர் தெரியாத பெட்டிகள் சில நொடி உச்சத்தையே பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்கின்றன. வண்டிகளிலும் படகுகளிலும் பொருத்தும் இன்வெர்ட்டர்களுக்கு அமெரிக்காவில் யுஎல் 458 என்ற பாதுகாப்புத் தரம் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சோதனைக்கூடம் ஒன்று அந்தத் தரத்தில் சான்றளித்திருக்கிறதா என்பதைப் பார்க்காமல் வாங்கவேண்டாம்.

வண்டியோடு இணைக்கும் முறை

எளிய வழி, இன்வெர்ட்டரின் துளையிலேயே கருவியைச் செருகுவது. சிலர் வண்டியின் வெளிக் கேபிளை இன்வெர்ட்டரில் செருகி எல்லாத் துளைகளுக்கும் மின்சாரம் தருகிறார்கள். செய்யலாம். ஆனால் வண்டியில் ஏற்கெனவே கன்வெர்ட்டர் என்றொரு பெட்டி 120 வோல்ட்டை 12 ஆக்கிப் பேட்டரியைச் சார்ஜ் செய்துகொண்டிருக்கும். இப்போது பேட்டரி இன்வெர்ட்டருக்கும், இன்வெர்ட்டர் கன்வெர்ட்டருக்கும், கன்வெர்ட்டர் மறுபடி பேட்டரிக்கும் கொடுத்து, சுற்றுக்குச் சுற்று இழப்புதான் மிஞ்சும். கன்வெர்ட்டரின் பிரேக்கரை அணைக்கவேண்டும். வெந்நீர்க் கலனின் மின்சூடேற்றி 1,400 வாட் எடுக்கும்; அதையும் அணைக்கவேண்டும்.

நிரந்தரமாக அமைப்பவர்களுக்குச் சார்ஜரும் மாற்று சுவிட்சும் உள்ளடங்கிய இன்வெர்ட்டர்-சார்ஜர் பொருத்தமானது. இதில் பாதுகாப்புக் காரணமும் இருக்கிறது. கம்பத்து மின்சாரத்தில் இருக்கும்போது நியூட்ரலும் எர்த்தும் கம்பத்தின் பக்கம்தான் இணைந்திருக்கவேண்டும், வண்டிக்குள் இணையக்கூடாது. இன்வெர்ட்டரில் ஓடும்போது அந்த இணைப்பு இன்வெர்ட்டரிலேயே ஏற்படவேண்டும். இல்லையென்றால் கோளாறு நேரத்தில் பிரேக்கர் விழாது. நல்ல இன்வெர்ட்டர்-சார்ஜர் இந்த மாற்றத்தைத் தானே செய்யும். இன்வெர்ட்டரின் வெளியீட்டில் கம்பத்து மின்சாரம் வந்து மோத வழியே இருக்கக்கூடாது. மோதினால் பெட்டி அந்தக் கணமே போய்விடும். இதில் அனுபவமில்லாதவர்கள் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமோ ஆர்வி பணிமனையிலோ விட்டுவிடுவது நல்லது.

ஏர் கண்டிஷனர் ஓடுமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. 13,500 பிடியு கூரை ஏசி ஓடும்போது 1,300 முதல் 1,600 வாட். கிளம்பும்போது 3,000ஐத் தாண்டும். மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட் கருவியைப் பொருத்தினால் அந்தத் தொடக்க இழுப்பைப் பாதிக்கும் கீழே கொண்டுவரலாம். ஆகவே 3,000 வாட் இன்வெர்ட்டரில் ஓட்டமுடியும். எவ்வளவு நேரம்? 400 ஆம்ப்-மணி லித்தியம், அதாவது நான்கு பேட்டரிகள், இடைவிடாமல் ஓட்டினால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். பிறகு அதை நிரப்பக் கூரை முழுக்கப் பேனல் வேண்டும். பாலை நிலத்தில் பல ஆண்டு வாழ்ந்தவர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். கோடை வந்ததும் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான குவார்ட்சைட்டை விட்டு, 2,100 மீட்டர் உயரத்திலுள்ள ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் கொக்கோனினோ தேசியக் காட்டுக்குள் போய்விடுகிறார்கள். அங்கே பைன் மர நிழல் இருக்கிறது. ஏசிக்காக அடுக்கும் பேட்டரிகளைவிட அந்தப் பயணத்துக்கு ஆகும் பெட்ரோல் மிகக் குறைவு.

ஜெனரேட்டரை ஒதுக்கிவிட முடியாது. மேகம் மூடிய வாரத்தில் அதுதான் காப்பாற்றும். 1,800 வாட் தொடர்ந்து தரும் ஹோண்டா இயு2200ஐ போன்றவை சத்தம் குறைந்தவை. ஆனால் தேசியப் பூங்கா முகாம்கள் அதற்கு நேரக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும் என்பதால் ஜன்னலுக்கு அருகில் வைக்கவே கூடாது. பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் ஒரே பெட்டிக்குள் வரும் பவர் ஸ்டேஷன்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூடாரத்துக்கும் வாடகை வண்டிக்கும் அவை பொருத்தமானவை. ஒன்று பழுதானால் எல்லாம் போய்விடும் என்பதால் சொந்த வண்டியில் நிரந்தரமாக நம்ப நான் தயங்குவேன்.

பெரும்பாலான குடும்பங்களுக்கு என் பரிந்துரை இதுதான்: 200 ஆம்ப்-மணி லித்தியம், யுஎல் 458 சான்றுள்ள 2,000 வாட் சைன் அலை இன்வெர்ட்டர், இரண்டு மீட்டருக்குள் அடங்கும் டூ-ஆட் கேபிள், 250 ஆம்ப் கிளாஸ்-டி ஃப்யூஸ், படுக்கைக்கு அருகே ஒரு ரிமோட் சுவிட்ச். மைக்ரோவேவும் காபி மேக்கரும் ஒன்றன்பின் ஒன்றாக. ஈயப் பேட்டரியை மாற்ற இப்போது பணமில்லை என்றால் 600 அல்லது 1,000 வாட் சைன் அலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 3,000 வாட் வாங்கும் தேவை, ஏசி ஓட்டியே தீரவேண்டிய நோயாளியோ முதியவரோ வண்டியில் இருந்தால் மட்டும்.

வாங்குவதற்கு முன் சுவரில் செருகிப் பார்க்கும் சிறிய வாட் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். முகாமுக்கு எடுத்துப்போக நினைக்கும் கருவி ஒவ்வொன்றையும் வீட்டிலேயே அதன் வழியாக ஓட்டி, எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று ஒரு வாரம் எழுதிவாருங்கள். 12 வோல்ட்டிலோ கேஸிலோ முடியக்கூடியதை அடித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் தாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.